ஏசி அரங்கில் களரி கட்டினோம்

பெங்களூரில் எங்கள் கூத்துக்கு ஓர் அரங்கம் கிடைத்த செய்தியை என் மகள்தான் போனில் சொன்னாள். சொன்ன கையோடு ஒரு நிபந்தனையும் போட்டாள்.

"எங்க ஆபீஸ்காரங்க எல்லாரும் வர்றாங்கப்பா. அங்க வந்து ஜனங்கள வம்புக்கு இழுக்காத. இது குந்தாரப்பள்ளி சந்த இல்ல."

சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் உறைத்தது. பகலில் ஓசூரில் ஒரு கம்பெனியில் வண்டி உதிரி பாகங்களைச் சோதித்து அனுப்புகிறவன் நான். திருவிழா வந்தால் கூத்தில் கட்டியங்காரன். ராஜா வேஷம் வருவதற்கு முன்னால் வெளியே வந்து, கூடியிருக்கிற ஜனத்தைக் கிண்டலடித்து, சிரிக்க வைத்து, சூடேற்றிக் கொடுப்பது என் பொறுப்பு. என்னிடம் போய் ஜனத்தை வம்புக்கு இழுக்காதே என்பது, சமையல்காரனிடம் உப்புப் போடாதே என்பது போல. ஆனாலும் மகள் கேட்டால் தட்ட முடியுமா?

பெங்களூர் அரங்குகள் அவளுக்கு அத்துப்படி. வேலைக்குப் போன புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் அழைத்துக்கொண்டு சுற்றினாள். கச்சேரி மண்டபம், ஓவியக் கூடம், காப்பிக் கடையோடு ஒட்டிய சின்ன நாடகக் கொட்டகை. ஓவியக் கூடத்தில் ஒரே படத்தின் முன்னால் ஒரு மனிதர் அசையாமல் நின்றார். வழி தெரியாமல் நிற்கிறாரோ என்று நினைத்தேன். பிறகு நானும் ஒரு படத்தின் முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். மழை விட்ட ஏரி. ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் இத்தனை இடம் ஒதுக்கி வைத்திருக்கிற ஊருக்குப் பெரிய மனசுதான். அதில் எங்களுக்கும் ஒரு சாயங்காலம் என்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இதைச் சொல்ல என்ன வெட்கம்?

வேன் பிடித்துப் போனோம். அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால், ஒப்பனை அறையில் சுவர் அகலத்துக்குக் கண்ணாடி. எங்கள் ராஜா அதில் தன்னைப் பார்த்துவிட்டு நகரவே இல்லை. அரங்கத்துக்காரர் வந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். விடிய விடிய ஆடுகிற கூத்தை அதற்குள் அடங்கும்படி சுருக்கித் தயாராகத்தான் இருந்தோம்.

கூத்தில் முதல் காரியம் களரி கட்டுவது. மத்தளமும் தாளமும் ஆர்மோனியப் பெட்டியும் சேர்ந்து முழங்கி ஊரைக் கூப்பிட வேண்டும். சாப்பிட்டவர்கள், சாப்பிடாதவர்கள், குழந்தை குட்டி எல்லாம் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஆட்டம். மத்தளம் என் மனைவியின் தம்பி. ராயக்கோட்டையில் தக்காளி விவசாயம். அவன் கை விழுந்தால் அடுத்த ஊர் எழுந்து உட்காரும்.

அரங்கில் எங்கள் மேல் மட்டும் வெளிச்சம். எதிரே கும்மிருட்டு. இருமல் இல்லை, குழந்தை அழுகை இல்லை, கடலை உடைக்கிற சத்தம்கூட இல்லை. மச்சான் அடித்துக்கொண்டே என் பக்கம் சாய்ந்தான்.

"மாமா, ஜனமே வரல போல."

"அடி. இன்னும் ஓங்கி அடி. வருவாங்க."

அடித்தான். பெட்டிக்காரரும் விடவில்லை. வராத கூட்டத்தை வரவழைத்தே தீருவது என்று எல்லோரும் கச்சை கட்டிக்கொண்டோம். கடைசியில் கை ஓய்ந்து மச்சான் நிறுத்தினதும், இருட்டிலிருந்து கைதட்டல் இடி மாதிரி கிளம்பியது. அரங்கு நிறைந்து வழிந்திருக்கிறது! மரியாதைக்காரர்கள், மூச்சுவிடாமல் உட்கார்ந்து இதுதான் நிகழ்ச்சி என்று ரசித்திருக்கிறார்கள். ஓரத்தில் அரங்கத்துக்காரர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

நான் பாய்ந்து முன்னால் வந்தேன். வாக்குக் கொடுத்தபடி, யாரையும் தொடாத ஒரு வேடிக்கையைச் சொன்னேன். சிரிப்பில்லை. இன்னொன்று. அதுவும் கிணற்றில் போட்ட கல். இரண்டு பேர் பிடித்திருந்த திரைக்குப் பின்னால் கிரீடத்தோடு ராஜா கால் மாற்றி மாற்றி நிற்கிறான். ஜனம் சூடாகாமல் அவன் வந்தால் கூத்து படுத்துவிடும். கீழே இறங்கி ஜனத்தை வம்புக்கு இழுத்தால் ஆபீஸ்காரர்கள் முன்னால் மகளுக்குத் தலைகுனிவு. இறங்காவிட்டால் அவள் கண்ணெதிரே கூத்துக்கே தலைகுனிவு. அவள் எந்த வரிசையில் இருக்கிறாள் என்றுகூடத் தெரியவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

மேடையிலிருந்து குதித்தேன்.

கட்டியங்காரன் எந்த ஊருக்குப் போனாலும் ஊராரைச் சாப்பிட்டாச்சா என்று கேட்டுத்தான் வாயைத் திறப்பான். எங்கள் எல்லையில் அதைக் கன்னடம், தெலுங்கு, தமிழ் என்று மூன்று பாஷையிலும் கேட்பது வழக்கம். முதல் வரிசையில் விறைப்பாக இருந்த ஒருவரிடம் குனிந்தேன்.

"ஊட்ட ஆய்த்தா சார்?"

அவர் திடுக்கிட்டு, "இன்னூ இல்லா" என்றார்.

"அதான பாத்தேன்! பசியில உக்காந்திருக்கீங்க. நானு, சீட்டுல ஆணி இருக்குதோன்னு பயந்துட்டேன்."

குபீரென்று ஒரு சிரிப்பு. பக்கத்து அம்மாளிடம், "அன்னம் தின்னாரா அம்மா?" என்றேன். அவர் தெலுங்கிலேயே, நீ போடுவதாக இருந்தால் தின்கிறேன் என்று திருப்பிக் கொடுத்தார். அரங்கம் வாய் விட்டுச் சிரித்தது. கிடைத்தது பிடி என்று கையை விரித்துக்கொண்டு, "சோறு தின்னீங்களா? சோறு தின்னீங்களா?" என்று வரிசை வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனேன்.

அப்போது இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. சந்தையில் மாட்டை அதட்டுகிற குரல்.

"யோவ் கட்டியங்காரா! ஊரையே சோறு தின்னியான்னு கேக்கறியே, பெத்த பொண்ணு தின்னாளான்னு கேட்டியாய்யா?"

என் மகள். ஆபீஸ்காரர்கள் நடுவில் எழுந்து, இடுப்பில் கை வைத்து, நான் யாருடைய பெண் என்று எல்லோரும் பார்த்துக்கொள்ளட்டும் என்பது போல நின்றாள். கூரை அதிர்ந்தது. மச்சான் மத்தளத்தை உருட்டினான். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வாய்களை அடைத்த நான், விரித்த கையை மடக்கிக்கொண்டு அவள் வரிசைக்கு நடந்தேன்.

"தின்னியாம்மா?" என்றேன். அது வேடிக்கையாக வரவில்லை.

"கூத்து முடியட்டும்ப்பா, சேந்து தின்னலாம். இப்ப ராஜாவக் கூப்புடு, அவரு கால் வலிக்குது!"

கூப்பிட்டேன். ராஜா திரையைத் தள்ளிக்கொண்டு வந்த வேகத்தில் மேடை கிடுகிடுத்தது; பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஜனத்திடம் வாய் தோற்றுவிட்டு அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற கட்டியங்காரன் எங்கள் ஜில்லாவில் நான் ஒருத்தன்தான்.