ஒன்றுமில்லாத கட்டி

மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் டப்பாவைத் திறந்து நாலு வாய் உள்ளே தள்ளியதுமே, கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்தவள் போல எனக்கு வயிறு அடைத்துக்கொள்ளும். வலது விலாவுக்குக் கீழே ஈரத்துணி மூட்டையை வைத்தது போல ஒரு கனம். செம்பாக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். கேஸ் என்று நானே தீர்மானித்து, ஓமத்தண்ணீரிலும் மாத்திரையிலும் ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

தெருவில் புதிதாகக் குடிவந்த ஒருத்தி என் வயிற்றைப் பார்த்து, "டீச்சர், எத்தனாவது மாசம்?" என்று கேட்டாள். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. சிரிக்கக்கூடத் தெம்பில்லை. அந்த வாரமே கணவருடன் தாம்பரம் போய் ஸ்கேன் எடுத்தேன்.

கல்லீரலில் நீர்க்கட்டி. தேங்காய் அளவு. ஆஸ்பத்திரியில் சர்ஜன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சாதாரண கட்டிதாம்மா. உள்ள வெறும் தண்ணி. பலபேருக்குச் சின்னதா இருக்கும், கடைசிவரைக்கும் தெரியவே தெரியாது. உங்களுக்குப் பெருசாகி இரைப்பையை அழுத்துது."

"அப்ப கேன்சர்..." என்று கணவர் இழுத்தார்.

"அதெல்லாம் இல்லை சார்."

வெளியே வந்ததும் அவர் எல்லோருக்கும் போன் போட்டு, "ஒண்ணுமில்லை, வெறும் தண்ணிதான்" என்றார். பாவம், அதுவரை பயத்தில் அவர் சரியாகப் பேசவே இல்லை. ஆனால் அன்று முதல் வீட்டில் நான் உடம்பு சரியானவள். சாயங்காலம், "ராத்திரிக்குத் தோசையா, சப்பாத்தியா?" என்று கேட்டார். மாவு கரைத்துக்கொண்டே நினைத்தேன், கொஞ்சம் கெட்ட வியாதியாக வந்திருந்தால் யாராவது என்னை உட்காரச் சொல்லியிருப்பார்கள். நினைத்ததும் பயமாக இருந்தது.

முதலில் ஊசியால் தண்ணீரை உறிஞ்சி எடுத்தார்கள். ஸ்கேன் பார்த்தபடியே விலா ஓரத்தில் ஊசியை இறக்கினார்கள். வைக்கோல் நிறத்தில் தண்ணீர் குழாய் வழியே பைக்குள் இறங்கியது. அன்று இரவு இரண்டு இட்லி முழுசாகச் சாப்பிட்டேன். "திரும்ப ரொம்பலாம், சொல்ல முடியாது" என்று சர்ஜன் முன்னமே சொல்லியிருந்தார். அரையாண்டுத் தேர்வு முடிவதற்குள் ரொம்பிவிட்டது. ஒருநாள் கரும்பலகையில் பாதிக் கணக்கை எழுதிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள், மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. மீதியைப் பிள்ளைகளே நோட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த வழி லேப்ராஸ்கோப்பி. வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, கேமராவை விட்டு, கட்டியின் மேல்பக்கச் சுவரை வெட்டி எடுத்துவிடுவது. மூடி இல்லாத கட்டியில் தண்ணீர் தேங்காது; ஊறுவதை வயிறே உறிஞ்சிக்கொள்ளும்.

கீழ்க்கட்டளையிலிருந்து என் நாத்தனார் வந்தாள். கணவருக்கு அக்கா, வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். எங்களுக்குள் சண்டையும் கிடையாது, பெரிய ஒட்டுதலும் கிடையாது. பையை வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குள் போனாள்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது வயிற்றைவிட வலது தோள்தான் வலித்தது. தப்பான இடத்தில் கைவைத்துவிட்டார்களோ என்று நர்ஸிடம் கேட்டேன்.

"வயித்துக்குள்ள கேஸ் ஏத்துவாங்க ஆன்ட்டி, அது தோள்ல வந்து நிக்கும். நடந்தா போயிடும்."

மறுநாள் வராந்தாவில் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவள் என் வேகத்துக்கே மெதுவாக நடந்தாள். அது எனக்கு வசதியாக இருந்தது.

வீடு திரும்பிய ஆட்டோவில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஆபரேசனாக்கா? பேஜாரான ரோடு இது. நான் மெதுவாவே போறேன், நீ சாஞ்சிக்கோ" என்றார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தும் அவர் வேகத்தைக் கூட்டவில்லை.

வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பிய கட்டியின் சுவரிலும் கெடுதல் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. கணவர் வழக்கம்போலப் போனை எடுத்தார். "ஒண்ணுமில்லையாம்..."

"அதை முதல்ல கீழ வைடா" என்றாள் நாத்தனார். "ஒரு வருஷமா அவ பாதி வயிறு சாப்பிட்டுக்கிட்டு உனக்கு மூணு வேளை செஞ்சு போட்டிருக்கா. அது ஒண்ணுமில்லையா?"

அவர் போனை வைத்துவிட்டார். சற்று நேரம் கழித்து என்னிடம் வந்து, "ரொம்ப கஷ்டமா இருந்துதா?" என்று கேட்டார்.

"அலுப்பா இருந்துது" என்றேன். அழுகை வந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

நாத்தனார் கிளம்பும்போது காலைச் சமையலைத் தம்பி தலையில் கட்டிவிட்டுப் போனாள். அவர் வைக்கும் சாம்பாரில் புளி தூக்கலாக இருக்கும். நான் அப்படியே சாப்பிட்டுவிடுகிறேன்.

இப்போது வயிறு நிறையச் சாப்பிடுகிறேன். கடைசியாக எடுத்த ஸ்கேனில் ஓரமாக ஒரு சின்ன மிச்சம் தெரிந்தது. தொந்தரவு இல்லையென்றால் விட்டுவிடலாம் என்றார் சர்ஜன். கனம் போய்விட்டது. அலுப்பு முழுதாகப் போகவில்லை. அது கட்டிக்கு முன்பே வந்ததாக இருக்கலாம். இந்த வருஷம் கிளாஸ் டீச்சர் பொறுப்பு வேண்டாம் என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன். காரணம் கேட்பார் என்று பதில்களை யோசித்து வைத்திருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "சரி டீச்சர்" என்று மட்டும் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து, புடவைகூட மாற்றாமல் சாயங்காலம்வரை தூங்கினேன்.