செங்கமலம் அக்கா புதைத்த பானைகள்

பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலை. என் சவரக் கடையில் வேலாயுத மேஸ்திரி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஒரு கன்னம் முடிந்து, மறு கன்னத்தில் நுரை பூசியிருந்தேன். பின்வீட்டுப் பொன்னம்மா வாசலில் வந்து நின்று, "சின்னசாமி அண்ணே, செங்கமலம் அக்கா போயிட்டாங்க" என்றாள்.

"எங்கே போனாங்க, ஆத்தைத் தாண்டித் தன்லியினுக்கா?" என்றேன் வழக்கம்போலக் கேலியாக.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேஸ்திரி நுரையோடு எழுந்து ஓடினார். அன்று சுடுகாடு வரைக்கும் ஒரு கன்னம் மழித்து, ஒரு கன்னம் மழிக்காமல்தான் வந்தார். அக்கா பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார். அவருக்குப் பதிலாக நான் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

நம் லைன் வீடுகளில் இருப்பவர்களுக்கு அவரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பா தமிழர், மேல் பர்மாவில் எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்தவர். அம்மா பர்மாக்காரி. மழையே எட்டிப் பார்க்காத அந்தக் கள்ளிக்காட்டில் பிறந்து வளர்ந்து, ரயிலில் கரி அள்ளிப் போடும் வேலையில் இருந்தவரைக் கட்டிக்கொண்டு ரங்கூனுக்கு வந்தார். புருஷன் போன பிறகும் லைனின் கடைசி வீட்டிலேயே இருந்தார். பர்மியர்களுக்கு அவர் டோ செங்கமலம், பெரிய பெண்களை அவர்கள் மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். நமக்கு அக்கா.

வந்த முதல் வாரமே எனக்கும் அவருக்கும் சண்டை. கடையில் வேலையாக இருக்கிறேன், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஒரு பெண் "ஏ! ஏ!" என்று கத்துகிறது. எனக்கு வந்ததே கோபம். "நான் என்ன மாடா? ஏ, ஏன்னு கூப்பிடறீங்க? எனக்குப் பேர் இருக்கு" என்றேன். "உன்னை யார் கூப்பிட்டா? தண்ணி கேட்டேன், தண்ணி!" என்றார். பர்மியில் தண்ணீருக்கு ஏ என்று பெயர் என்பது இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் புடவை கட்டிய பெண் வாயிலிருந்து பர்மி வரும் என்று யார் கண்டது? அதன் பிறகு அவர் வேண்டுமென்றே என்னை "ஏ, தண்ணி!" என்றுதான் கூப்பிட்டார்.

இப்போது கொல்லையின் கதைக்கு வருகிறேன். நம் லைனுக்குப் பின்னால் இருக்கிற வெற்று நிலத்தில் அப்போது கரிச் சாம்பலும் புழுதியும்தான். ஆனாலும் பெண்டுகள் துணி உலர்த்துவது அங்கே, பிள்ளைகள் விளையாடுவது அங்கே, புழுக்கம் தாங்காதபோது எல்லோரும் பாய் போடுவதும் அங்கே. ஒரு மாசி மாதம் லைன் சொந்தக்காரரின் ஏஜெண்டு கறுப்புக் குடையோடு வந்தார். "புழுதிக்கு இவ்வளவு இடமா? மாட்டுவண்டிப் பேட்டை போடப் போறோம்" என்றார். எல்லோரும் கெஞ்சினார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "மழைக்கு முன்னாலே இதிலே ஏதாவது பச்சையா நின்னுச்சுன்னா விட்டுடறேன்" என்றார். நடக்காது என்று தெரிந்துதான் சொன்னார். மாசியிலிருந்து மழை வரைக்கும் நம் ஊரில் என்ன முளைக்கும்? பாட்டுக்காரர்கள் அந்தக் காலத்தை இளவேனில் என்கிறார்கள். அவர்கள் ரங்கூனுக்கு வந்ததில்லை.

அக்கா மட்டும் "சரி" என்றார். மறுநாளே ஆற்றங்கரை அரிசி ஆலையிலிருந்து உமி வந்து இறங்கியது. சும்மா கொடுத்தார்களாம். மண்ணைக் கொத்தி, ஓரத்தில் வேலியாக மருதாணிக் குச்சியும் அரளியும், நடுவில் முருங்கைப் போத்தும் நட்டு, புளிச்ச கீரை விதைத்து, மேலே கனமாக உமியைப் பரப்பினார். "வெயில் மண்ணைப் பார்க்கக் கூடாது. பொம்பளைப் பிள்ளையை மூடி வைக்கிற மாதிரி வை" என்பார். விடியுமுன் ஊற்றுவார், வெயில் ஏறினால் ஒரு சொட்டு விடமாட்டார். ஒருநாள் நான் போகிற போக்கில், "தலையெல்லாம் கருகிப் போச்சே, கத்தரியைக் கொண்டுவரவா அக்கா?" என்று கேட்டேன். "உன் கையை வச்சுக்கிட்டு சும்மா இரு. கருகின இலைதான் அடி இலைக்குக் குடை. வெயில் காலத்திலே சவரம் பண்ணினா செடி செத்துப்போகும்" என்றார். என் தொழிலுக்கே மறுப்புச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

அவர் செய்த இன்னொரு வேலைதான் லைனையே புரட்டிப் போட்டது. செடிகளுக்கு நடுவே புதுப் பானைகளைக் கழுத்துவரை புதைத்து, நல்ல தண்ணீர் நிரப்பி, சிரட்டையால் மூடிவைத்தார். சுடாத மாதிரி இருக்கும் மலிவுப் பானைகள். அதிலிருந்து தண்ணீர் கசிந்து கசிந்து வேருக்கு மட்டும் போகும். அவர் ஊர்ப் பழக்கம் அது. எலி தோண்டாமல் இருக்கப் பானையைச் சுற்றி மயிரைப் போடுவார். மயிர் எங்கிருந்து? என் கடையில் கூட்டிப் பெருக்கியதுதான். தினமும் கூடையில் அள்ளிக்கொண்டு போவார்.

இதெல்லாம் மேஸ்திரிக்குத் தெரியாது. துணிக்கொடி கட்டக் கம்பு நடலாம் என்று கடப்பாரையோடு வந்தவர், இடறிய இடத்தைக் கிளறிப் பார்த்தார். கழுத்துவரை பானை, உள்ளே தண்ணீர், சுற்றிலும் கறுப்பும் வெள்ளையுமாக மனித மயிர்.

"செய்வினை! ஐயோ, செய்வினை வச்சிருக்கா!"

சொல்ல வேண்டுமா? பெண்டுகள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். "ஊர்லே எங்க சித்தப்பாவுக்கு வச்சது இதே மாதிரிதான்" என்றார் மேஸ்திரி. "அவ ஆத்தா பர்மாக்காரி, அந்தப் பக்கத்திலே இதெல்லாம் உண்டு" என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"யாரோட மயிருடா இது, சின்னசாமி?"

"எல்லாரோடதும்தான் மேஸ்திரி. உங்களது மட்டும் இருக்காது. உங்க தலையிலே வெட்ட என்ன இருக்கு?"

ஒருவரும் சிரிக்கவில்லை. எலி விஷயத்தைச் சொன்னேன், ஒருவரும் நம்பவும் இல்லை. மேஸ்திரி கடப்பாரையை ஓங்கிவிட்டார். அந்தப் பானைகள் போனால் செடி போகும், செடி போனால் கொல்லை போகும். அந்த நேரத்தில்தான் அக்கா குளித்த தண்ணீர் வாளியோடு வந்து சேர்ந்தார். பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார்.

"உடைங்க மேஸ்திரி, வேண்டாம்னு சொல்லலே. அதுக்கு முன்னாடி ஒரு வாய் குடிச்சுக்கறேன். வெயிலா இருக்கு."

சிரட்டையால் அந்தப் பானையிலிருந்தே மொண்டு, எல்லோரும் பார்க்கக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"செய்வினை இப்போ என் வயித்துக்குள்ளே. நாளைக்குக் காலையிலே நான் செத்துக் கிடந்தா அத்தனையும் உடைச்சுப் போடுங்க. உசிரோட இருந்தா வீட்டுக்கு ஒரு குடம், அரிசி கழுவின தண்ணி, பாத்திரம் கழுவின தண்ணி, எதுவானாலும் சரி, தினமும் மருதாணி வேலிக்கு வந்து ஊத்தணும். மேஸ்திரி வீட்டுக்கு ரெண்டு குடம்."

மறுநாள் இருட்டு பிரிவதற்குள் ஒவ்வொரு கதவாகத் தட்டும் சத்தம் கேட்டது. "மேஸ்திரி, நான் சாகலே. குடத்தை எடுங்க!" கோபமாகச் சொல்லவில்லை, சந்தைக்குக் கூப்பிடுகிற மாதிரி சொன்னார். அன்று முதல் ஆளாகக் குடம் தூக்கிய மேஸ்திரிதான் இந்த வருஷம் பாடையின் முன்பக்கத்தைத் தூக்கினார்.

சித்திரையில் குழாயில் தண்ணீர் நூலாக இறங்கியது. குடிக்கவே போதவில்லை. வேலி வாடத் தொடங்கியது. அப்போது பர்மியர்களின் தண்ணீர்த் திருவிழா வந்தது. தெருவில் போகிறவன் வருகிறவன் மேலெல்லாம் இளவட்டங்கள் வாளி வாளியாக ஊற்றும் நாட்கள். நாமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்போம். அக்கா பின்தெருவில் வேலிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, அவர்கள் பாஷையிலேயே, "இவ்வளவுதானா உங்க பலம்? காலையிலே சோறு தின்னலையா?" என்று வம்புக்கு இழுத்தார். ஊற்றினார்கள் பாருங்கள்! ஊற்ற ஊற்ற அவர் வேலியோரமாகவே நகர்ந்துகொண்டு போனார். அவர்மேல் விழுந்தது கொஞ்சம், மருதாணிக்குப் போனதுதான் மிச்சமெல்லாம். நனைந்த புடவையோடு என் கதவைத் தட்டி, "ஏ தண்ணி, வெளியே வா. அரளிக்கு முன்னாலே நில்லு. உன் வாய்க்கு ஊரே வந்து ஊத்தும்" என்றார். வந்து ஊற்றத்தான் செய்தது. எனக்குச் சளி பிடித்தது, அரளி பிழைத்தது.

முதல் மேகம் கறுக்கும்போது ஏஜெண்டு வந்தார். மருதாணி இடுப்பளவு நின்றது. முருங்கை துளிர்த்திருந்தது. கீரை நம் அடுப்பிலும் பர்மிய வீட்டு அடுப்பிலும் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் குடை நுனியால் உமியைத் தள்ளி மண்ணைக் குத்திப் பார்த்தார். நுனியில் ஈரம் ஒட்டிக்கொண்டு வந்தது. "இந்த வருஷத்துக்கு இருக்கட்டும்" என்று முனகினார்.

"அடுத்த வருஷமும் வெயில் வரும். நானும் இருப்பேன். நீங்களும் வாங்க" என்றார் அக்கா.

அவரும் வருஷா வருஷம் வந்து பார்த்தார். அக்காவும் வருஷா வருஷம் இருந்தார், இந்தப் பங்குனி வரைக்கும். கடைசி ராத்திரி திடீரென்று மூச்சு முட்டிப் படுத்தபோதுகூட, பார்க்கப் போன பொன்னம்மாவிடம் மருந்தைக் கேட்கவில்லை. பானை நிரம்பியிருக்கிறதா என்று கேட்டாராம்.

காரியம் முடிந்து இரண்டு நாள் ஆகவில்லை, ஏஜெண்டு அளவு நாடாவோடு வந்துவிட்டார். கொல்லைக்குப் போகாமல் நேராக என் கடைக்கு வந்து, நாற்காலியில் சாய்ந்துகொண்டு பேசினார். பாடுபட்ட கிழவி போய்விட்டாள், இனி அதைப் பார்ப்பது யார், வண்டிப் பேட்டை வந்தால் நாலு ஊர் வண்டிக்காரர்களும் தாடியோடு வந்து இறங்குவார்கள், பேட்டை வாசலிலேயே எனக்குக் கடை, வாடகையும் பேசிக்கொள்ளலாம் என்றார். அவர் முகத்தை மழித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன். கத்தி கையில் இருக்கும்போது பதில் சொல்வது மரியாதையில்லை. முகத்தைத் துடைத்துவிட்டு, "இல்லீங்க ஐயா. வண்டிக்காரங்க தாடி வேற எங்கேயாவது வளரட்டும். கொல்லையை நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

"நீயா? உனக்குச் செடியைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. மழைக்கு முன்னாடி வந்து பாருங்க."

செங்கமலம் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். எதிராளி முன்னால் குரலை உயர்த்தாமல், சிரித்த முகத்தோடு, இடத்தை விட்டு நகராமல் நிற்பது. அவரிடம் மனத்தாங்கல் இருந்தவர்களும் நம்மில் உண்டு, அவர் வாய் அப்படி. அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: இப்போது கொல்லைக்கு ஓர் ஆள் போதாது. வேலியின் மேற்கு ஓரம் வாடிவிட்டது. அவருக்காக ஏதாவது செய்ய நினைப்பவர்கள் மாலையும் ஊதுவத்தியும் வாங்க வேண்டாம். நாளை விடியுமுன் ஒரு குடத்தோடு வாருங்கள். கதவைத் தட்ட நான் வருவேன்.