பாடினால் ஜர்தா

கச்சேரி ரோட்டிலிருந்து ராயப்பேட்டை வரை எந்த முஸ்லிம் வீட்டில் கல்யாணம் என்றாலும், மாப்பிள்ளைக்கு அடுத்தபடியாகத் தேடப்படும் ஆள் ஹாஜிரா பீதான். டோலக் மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் பாட ஆரம்பித்தால், அழுதுகொண்டிருக்கும் மணப்பெண்ணும் சிரித்துவிடுவாள்.

அவருக்கு நீரிழிவு. புத்தகம் பைண்டு செய்யும் கணவர் நூர் முஹம்மது, தினமும் காலையில் கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்து இன்சுலின் போட்டுவிடுவார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. சுதந்திரம் வந்த மறு வருடம், ரம்ஜான் முடிந்ததும் கல்யாணங்கள் வரிசைகட்டி வந்தன. போன வீட்டிலெல்லாம் குங்குமப்பூ மணக்கும் ஜர்தாவை, அந்த இனிப்புச் சோற்றை, ஆசையாக நீட்டினார்கள். ஒரு வாய் என்று ஆரம்பித்தது தட்டுக் கணக்காகிவிட்டது. காலையில் அவசரமாகக் கிளம்பியதில் ஊசியும் நின்றுபோயிற்று. நூர் முஹம்மது கேட்டால், "நல்லாத்தானே கீறேன், நாளைக்கிப் பாத்துக்கலாங்க" என்பார்.

ஒரு மருதாணி விசேஷத்தில் பாட்டு நடுவிலேயே நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண் மங்கியது. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தும் குரல் எழும்பவில்லை. கூடம் முழுக்க அவரையே பார்த்தது. வியாதியைவிட அந்தப் பார்வைதான் அவரைச் சுட்டது.

நூர் முஹம்மது மறுநாளே ரிக்‌ஷா பிடித்து மந்தைவெளி டாக்டர் மாணிக்கவாசகத்திடம் அழைத்துப் போனார். டாக்டர் கண்ணாடிக் குழாயில் இருந்த நீல மருந்தில் சிறுநீரைச் சொட்டு விட்டு விளக்கில் காய்ச்சினார். நீலம் செங்கல் நிறமாயிற்று; சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஹாஜிரா பீ முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

"திட்டுவீங்கன்னுதான் டாக்டரய்யா, இத்தினி நாளா இந்தப் பக்கமே வரல."

"திட்டினா சர்க்கரை இறங்கிடுமா?" டாக்டர் சிரித்தார். "விட்ட இடத்துலேர்ந்து பிடிச்சுக்குவோம். ஊசி போட்டுட்டு நேரத்துக்குச் சாப்பிடணும். கல்யாணத்துக்குத் தாராளமா போங்க, பாடுங்க. ஜர்தா மட்டும் கூடாது."

"வேணாம்னா பொண்ணு வூட்டுக்காரங்க மூஞ்சி வாடிப் பூடுமே!"

"அதுக்கு நீங்கதான் ஒரு வழி கண்டுபிடிக்கணும்."

மறுபடி ஊசி, கோதுமை ரொட்டி, பாகற்காய், சாயங்காலம் கணவரோடு சாந்தோம் கடற்கரையில் நடை. குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. குழாயின் நிறம் பச்சைக்கு வந்தது. பிறகு ஒருநாள் நீலம் நீலமாகவே நின்றது. அன்று ஹாஜிரா பீ டாக்டர் எதிரிலேயே கைதட்டிவிட்டார்.

அடுத்த கல்யாணம் ராயப்பேட்டையில். மணப்பெண்ணின் அம்மா ஷாகிரா, வழக்கம்போல் ஜர்தா தட்டோடு வந்து நின்றாள். ஹாஜிரா பீ தட்டை வாங்கி உயரத் தூக்கினார்.

"பாட்டுல அடுத்த அடியை யாரு நல்லாப் பாடுறீங்களோ, அவுங்களுக்குத்தான் இது!"

கூடம் கொல்லென்று சிரித்தது. நாலு பேர் முன்னால் வாயே திறக்காத ஷாகிராதான் முதலில் பாடினாள். குரல் நடுங்கினாலும் ராகம் தப்பவில்லை. தன் தட்டைத் தானே ஜெயித்த அவளைப் பெண்கள் கட்டிப்பிடித்துக் கூச்சலிட்டார்கள். அப்புறம் ஆளாளுக்குத் தட்டு கேட்டுப் பாட, மணப்பெண்ணும் சேர்ந்துகொண்டாள்.

ஹாஜிரா பீ டோலக்கை நிறுத்தினார்.

"ஷாகிரா, ஊசி போட்டுக்கினு வந்துகீறேன், பசிக்க ஆரம்பிச்சிடுச்சி. மொதல்ல ரொட்டியும் கறியும் கொண்டாம்மா!"

ரொட்டி சுடச்சுட வந்தது. அவர் சாப்பிடும்போதும் பெண்கள் பாட்டை விடவில்லை. ராகம் எங்கெங்கோ போயிற்று. ஹாஜிரா பீ வாய் நிறையக் கறியோடு, இடது கையால் தாளம் போட்டு அவர்களை மறுபடி பாட்டுக்குள் இழுத்துக்கொண்டு வந்தார்.