எர்மிந்தாவின் தலையாட்டல்

மரிபோசாஸ் மலையில் எர்மிந்தாவை முகம் பார்த்துத் தெரிந்துகொண்டவர்களைவிட, தட்டும் சத்தம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்களே அதிகம். இருபத்தாறு வருஷமாக கேஸ் லாரியின் பின்னால் நின்றபடி, ஸ்பானரால் சிலிண்டரைத் தட்டிக்கொண்டு மலையேறுகிறவள் அவள். டங் டங், டகடங்க, ஒரு மூச்சு இடைவெளி, பிறகு ஒரு டங். சிலியின் மலைநகரமான வால்பராய்சோவில் மற்ற வண்டிக்காரர்களும் தட்டத்தான் செய்கிறார்கள், ஆனால் ஆளுக்கொரு தட்டு. அடுத்தவன் தட்டைத் திருடக் கூடாது, அடுத்தவன் மலையில் ஏறக் கூடாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்த சட்டத்தையெல்லாம் இந்த ஊரில் யார் மதித்தார்கள், இதைத்தான் மதிக்கிறோம்.

அந்த மூச்சு இடைவெளி அழகுக்காக விட்டதல்ல. அந்த நேரத்தில்தான் மேலே ஏதாவது ஒரு ஜன்னலிலிருந்து "இங்க ஒண்ணு!" என்று குரல் வரும். நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தக் குரல்கள் குறைந்தன. எர்மிந்தா முதலில் விலையேற்றத்தைத் திட்டினாள். அப்புறம் காற்றைத் திட்டினாள். ஒருநாள் எதிர்வீட்டு ஓர்ஃபெலினா ஜன்னலில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடுவதையும், அந்த வாயிலிருந்து ஒரு சத்தமும் வராததையும் பார்த்த பிறகுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. இரும்பில் அடித்து அடித்து, காது தேய்ந்துவிட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. லாரி ஓட்டும் வால்தோவிடம் மட்டும், "காத்து ஜாஸ்தியா இருக்கு, யாராவது கூப்பிட்டா கையைக் காட்டு" என்றாள். வால்தோ அன்றிலிருந்து கையைக் காட்டுகிறான். காற்றே இல்லாத நாளிலும் காட்டுகிறான். நல்ல பிள்ளை, ஒரு கேள்வி கேட்டதில்லை.

அவள் பயந்ததெல்லாம் ஒரே ஒருத்தனுக்குத்தான். அவள் மகன் யெர்கோ.

யெர்கோவுக்கு இருபத்தாறு வயது. விடிகாலையில் பேக்கரியில் ரொட்டி அடுக்குவான். மதியம் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, லேப்டாப்பும் ஒரு பழைய கீபோர்டுமாக எலெக்ட்ரோ பாப் பாட்டுப் போடுவான். எங்கள் வீடுகளின் சுவர் தகரம். உள்ளே தும்மினால் பக்கத்து வீட்டில் ஆசீர்வதிப்பார்கள். அதனால் பையன் தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு, மைக்கிடம் ரகசியம் சொல்வதைப் போலத்தான் பாடுவான். அந்தக் கிசுகிசுப்புதான் அழகு என்று இணையத்தில் யாரோ எழுதினார்களாம். காரணம் தகரச் சுவர்தான் என்பது எழுதியவருக்குத் தெரியாது.

சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ஒரு பழக்கம். என்ன பாடினாலும் முதலில் அம்மாவிடம் பாடிக் காட்டுவான். அவள் தலையாட்டினால்தான் அடுத்த பாட்டு. பத்து வயதில் ஒருமுறை அவள் அலுப்பில் தலையாட்ட மறந்துவிட, ஆறு மாதம் வாயைத் திறக்கவில்லை. அவன் அப்பா வடக்கே சுரங்க வேலைக்குப் போனவர், அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். ஆகவே அந்தத் தலை ஒன்றுதான் அவனுக்கு இருந்தது.

எனவே எர்மிந்தா தலையாட்டினாள். மூன்று வருஷமாக, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் தலையாட்டினாள். திரையில் பச்சைக் கோடுகள் குதிப்பதைப் பார்த்துத் தாளம் போடுவாள். மகனின் உதடு அசைவதைப் பார்த்து எப்போது நெகிழ வேண்டும் என்று தெரிந்துகொள்வாள். கோடு படுத்துவிட்டால் பாட்டு முடிந்தது என்று அர்த்தம். உடனே, "ரொம்ப நல்லாருக்குடா" என்பாள். இப்படியே ஒன்பது பாட்டு தேறியது.

பத்தாவது பாட்டுக்கு அவன் ஓர் ஆச்சரியம் வைத்திருந்தான். குளிர்காலம் முழுக்க, செல்போனை ஒரு காலுறைக்குள் போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்து, அம்மா தட்டுவதைப் பதிவு செய்திருந்தான். பாட்டின் பேர் 'பதினைந்து கிலோ', அவள் தட்டும் சிலிண்டரின் எடை. மொத்த ஆல்பத்துக்கும் 'கடல் மூட்டம்' என்று பேர் வைத்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை, தேநீரும் ரொட்டியும் அவகாடோவும் மேஜையில் இருக்க, ஹெட்போனை அவள் தலையில் மாட்டிவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு எதிரில் உட்கார்ந்தான். எப்போதும் போல மெல்லிய சத்தத்தில்தான் வைத்தான்.

எர்மிந்தா கோடுகளைப் பார்த்தாள். தலையாட்டினாள்.

"கடைசிப் பாட்டு எப்படிம்மா?" என்று அவள் முகத்துக்கு நேரே கேட்டான்.

"அதுதான்டா எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்டுருச்சு."

"வேற ஒண்ணும் தோணலையா?"

"வேற என்ன தோணணும்? அழகு, அவ்ளோதான்."

பையன் கொஞ்சம் வாடினான். அப்புறம், அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று தானே சமாதானம் செய்துகொண்டான்.

அடுத்த சனிக்கிழமை மதியம் மலை உச்சியின் பந்து மைதானத்தில் ஆல்பம் வெளியீடு. குடியிருப்போர் சங்கம் தன் ஸ்பீக்கர்களை இரவல் கொடுத்தது. தேர்தல் கூட்டத்துக்கு வாங்கியவை, ஆளுயரம். கீழ்த்தெரு விநியோகத்தை முடித்துவிட்டு லாரியோடு வந்துவிடுவதாக எர்மிந்தா சொல்லியிருந்தாள். சட்டைக்கு மேலே போட நல்ல ஸ்வெட்டர்கூட எடுத்து வைத்திருந்தாள்.

லாரி மூன்றாவது வளைவில் திரும்பும்போது அவள் காதில் ஒரு சத்தம் விழுந்தது. நாலு வருஷத்தில் வெளியிலிருந்து தெளிவாக விழுந்த முதல் சத்தம் அதுதான்.

டங் டங், டகடங்க. இடைவெளி. டங்.

"வால்தோ! நிறுத்துடா!" லாரியின் கூரையை ஓங்கிக் குத்தினாள். "எவனோ என் மலையில ஏறிட்டான்! என் தட்டையே தட்டுறான் பாரு, திருட்டுப்பய!"

வால்தோ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அக்கா, அது நம்ம யெர்கோவோட பாட்டு!" என்று கத்தினான். அவளுக்குக் கேட்கவில்லை. அதற்குள் வீடுவீடாகக் கதவு திறந்து, பெண்கள் காலி சிலிண்டரை வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஓர்ஃபெலினா தன்னுடையதைப் பாதித் தெருவுக்கே இழுத்து வந்துவிட்டு, லாரியைப் பார்த்ததும் திகைத்து நின்றாள்.

"நீ கீழ இருக்கே, அப்போ மேல தட்டுறது யாரு?"

எர்மிந்தாவுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கக் காது வேண்டியிருக்கவில்லை. எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றின மாதிரி ஆனது. ஸ்பானரை ஓங்கியபடி மேலே நடந்தாள். பின்னால் பெண்கள், அவர்கள் பின்னால் நாய்கள்.

மைதானத்துக்குள் அந்தக் கோலத்தில் அவள் நுழைந்ததும் கூட்டம் கைதட்டியது. ஏற்பாடு செய்த வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள். "எங்கடா அவன்? லாரிய எங்க நிறுத்தியிருக்கான்?" என்று அவள் கத்தக் கத்த, சிரிப்பு கூடியது. கீபோர்டுக்குப் பின்னால் நின்றிருந்த யெர்கோ மட்டும் சிரிக்கவில்லை. பாட்டை நிறுத்தினான். மெதுவாக அவளிடம் வந்தான். அவளுக்கு உதடு தெரியும்படி நின்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

"ம்மா. இது பத்தாவது பாட்டு. போன ஞாயித்துக்கிழம கேட்டியே."

ஸ்பானர் கீழே இறங்கியது. எர்மிந்தாவுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"எத்தன நாளாம்மா காது கேக்கல?"

"நாலு வருஷம் இருக்கும்."

"அப்போ என் பாட்டு?"

"உன் வாய் அசையறது நல்லாத் தெரியும்டா."

யெர்கோவின் முகம் சிவந்தது. "அப்போ நல்லாருக்கு நல்லாருக்குன்னதெல்லாம் பொய்யா? பத்துப் பாட்டுக்கும் பொய்யா? அத நம்பித்தானேம்மா இங்க வந்து நிக்கிறேன்!"

கடைசி வாக்கியத்தை அவன் கத்தியதால் அது முழுக்கக் கேட்டது. அவள் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தாள்.

"பாட்டு நல்லாருக்கான்னு எனக்குத் தெரியாது. பாடும்போது நீ நல்லாருந்தே. அதத்தான் சொன்னேன். கேக்கலன்னு சொன்னா நிறுத்திருவியேடா, உன்ன எனக்குத் தெரியாதா?"

கூட்டத்தில் சிரிப்பு எப்போதோ அடங்கியிருந்தது. ஓர்ஃபெலினா காலி சிலிண்டர்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கோபப்படவா அழவா என்று யெர்கோவுக்கே முடிவாகவில்லை. பிறகு கையிலிருந்த மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, அம்மாவின் தோளைப் பிடித்து, அவள் காதோரம் வாயை வைத்து, பிறந்ததிலிருந்து ஒருநாளும் பாடாத சத்தத்தில் பாடினான். பாட்டா அது, கூப்பாடு.

"படியேறி வருது என் வீட்டுச் சத்தம்! மூச்சு வாங்க ஒரு நொடி நிக்கும்! அந்த நொடியில நான் கூப்பிடறேன்!"

குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, ஒரு இடத்தில் இருமினான். மைதானமே கேட்டது, கீழ்த்தெருவும் கேட்டிருக்கும். எர்மிந்தா கண்ணை மூடிக்கொண்டாள். மகன் குரல் எவ்வளவு கட்டையாகிவிட்டது என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. கடைசியாக அவன் கிசுகிசுக்காமல் பாடி அவள் கேட்டபோது அது இன்னும் பையன் குரலாக இருந்தது.

பாடி முடித்து மூச்சு வாங்கினான். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"மத்த ஒம்பது?" என்றாள்.

யாரோ அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ அவளுக்கு நாற்காலி போட்டார்கள். அவள் பக்கத்தில் மண்டியிட்டு, முதல் பாட்டிலிருந்து ஆரம்பித்தான். முதல் பாட்டுக்குத் தலையாட்டினாள். இரண்டாவதுக்கு அழுதாள். மூன்றாவது பாதி போகும்போது புருவத்தைச் சுருக்கிக் கையை உயர்த்தினாள்.

"நிறுத்து. இது சுமார்தான்டா. சொன்னதையே சொல்லிக்கிட்டு, இழுத்துக்கிட்டே போகுது."

யெர்கோ அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான்.

"ஆமாம்மா," என்று அவள் காதில் கத்தினான். "எனக்கும் அப்படித்தான் தோணிச்சு."