ட்ரெய்லரை விட்ட இடம்

தொண்ணூற்று நாலாம் வருஷம் என்று நினைவு. டெக்சாஸில், சான் அன்டோனியோவிலிருந்து ஆஸ்டின் போகிற வழி. பகல் நேரம். மழைக்காலம்.

வேனில் இருந்த ஆறு பேரை முதலில் சொல்லிவிடுகிறேன். பாட்டுக்காரர், மொட்டைத் தலை, நிமிர்ந்தால் வேன் கூரை இடிக்கும். கிட்டார்காரர், கிட்டாரை மடியிலிருந்து இறக்க மாட்டார். மெஷின் வாசிக்கிற அம்மா, ஒல்லி, பேச்சு குறைவு. சவுண்டு பார்க்கிறவர், மேனேஜரும் அவர்தான். அப்புறம் என் மச்சினன், மனைவியின் தம்பி. வண்டி ஓட்டிய நான்.

மச்சினனையும் என்னையும் தவிர மற்றவர்கள் பிரான்ஸ்காரர்கள். எனக்குப் பாண்டிச்சேரி. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். படிப்பு எனக்கு ஏறவில்லை. ஆனால் அப்பா திட்டுவதெல்லாம் பிரெஞ்சில். அந்த பாஷை கொஞ்சம் காதில் தங்கிவிட்டது. மனைவி நர்ஸ். அவளுக்கு ஹூஸ்டனில் வேலை கிடைத்து வந்தோம். நான் வேன் ஓட்டினேன். ஏர்போர்ட், கல்யாணம், கோயில் டிரிப். பிரெஞ்சு தெரிந்த டிரைவர் என்று யாரோ சொல்லி, இவர்கள் என்னைப் பிடித்தார்கள். மாற்றி ஓட்ட ஆள் வேண்டும் என்றதும் மச்சினன் ஆபீசுக்கு லீவு போட்டு வந்துவிட்டான். அவனுக்கு அந்த மாதிரி பாட்டு பிடிக்கும்.

மூடிப்போன இரும்பு ஆலை இருக்கிற ஊரில் தொடங்கிய குழு அது. தகடு, டிரம், பைப் எல்லாவற்றையும் சம்மட்டியால் அடிப்பார்கள். அந்தச் சத்தத்தை மெஷினில் பிடித்துவைத்து, அந்த அம்மா பட்டனைத் தட்ட, அதன் மேலே கிட்டாரும் பாட்டும் வரும். தாளம் வாசிக்கத் தனி ஆள் கிடையாது. தாளம் முழுக்க மெஷினில்.

முதல் நாள் கேட்டு முடித்ததும் மச்சினன் கேட்டான், "எப்படி மாமா?"

"பட்டறையில நிக்கிற மாதிரி இருக்குடா."

"அதான் மாமா அவங்க ஸ்டைலே."

"அப்ப எங்க ஊரு பட்டறைக்காரன் எல்லாம் ஸ்டாருதான், போ."

பாட்டுக்காரர் என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தன் அப்பாவும் அந்த ஆலையில்தான் இருந்தார் என்றார். அதற்குப் பிறகு நான் கிண்டல் பண்ணவில்லை.

இரண்டு ரெக்கார்டு போட்டிருந்தார்கள். பிரான்சைத் தாண்டி விற்கவில்லை. ஆஸ்டின் நிகழ்ச்சியைக் கேட்க சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ரெக்கார்டு கம்பெனி ஆள் ஒருவர் வருகிறார். அவருக்குப் பிடித்தால் மூன்றாவது ரெக்கார்டு அமெரிக்காவில். பிடிக்காவிட்டால் ஊருக்குப் போய்க் குழுவைக் கலைப்பது. இதை மேனேஜர் எனக்குக் காலையிலேயே சொல்லியிருந்தார்.

சாமானை ஏற்றும்போது மச்சினன் ஒன்று கேட்டான். பாட்டு இருக்கிற டிஸ்க் பெட்டியை வேனுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாமே என்று. அந்த அம்மா மாட்டேன் என்றார். வேனின் பின்பக்கம் ஸ்பீக்கர்கள் இருந்தன. ஸ்பீக்கரில் காந்தம். காந்தம் பக்கத்தில் இருந்தால் டிஸ்க்கில் இருப்பது அழிந்துவிடுமாம். அதனால் மெஷினும் டிஸ்க்கும் வேனுக்குப் பின்னால் கோத்த ட்ரெய்லருக்குப் போயின. டிஸ்க்குக்குக் காப்பி எடுத்து வைத்திருந்தார்கள். காப்பியும் அதே பெட்டியில்.

ஃப்ரீவேயில் ஆக்சிடென்ட். வண்டிகள் நகரவில்லை. மேனேஜர் வாட்சைப் பார்த்தபடி இருந்தார். பக்கத்து ரோடு பிடித்து மலைப்பக்கமாகச் சுற்றினேன். அங்கே சில ஓடைகளுக்குப் பாலம் கிடையாது. ரோடே ஓடைக்குள் இறங்கி ஏறும். தண்ணீர் எவ்வளவு என்று பார்க்க ஓரத்தில் அடையாளக் கம்பம் நட்டிருப்பார்கள்.

நாங்கள் போனபோது ரோட்டின் மேல் தண்ணீர் மெல்லிசாக ஓடியது. எங்களுக்கு முன்னால் ஒரு பிக்கப் தாண்டிப் போனது. நான் நிறுத்தினேன்.

"அந்த வண்டி போயிடுச்சே மாமா," என்றான் மச்சினன்.

"அவன் பின்னாடி ட்ரெய்லர் இல்லடா."

மேனேஜர் தோளில் தட்டினார். போ, போ என்றார். விட்டேன்.

நடுவில் வரும்போது தண்ணீரின் நிறம் மாறியது. காப்பி நிறம். மேலே எங்கோ பெய்த மழை மொத்தமாக வந்து சேர்ந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே டயர் பாதி முங்கியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். வண்டி போகவில்லை. பின்பக்கம் நகர்ந்தது. ட்ரெய்லர் மிதக்கத் தொடங்கிவிட்டது. அது பள்ளத்தைப் பார்த்து எங்களை இழுத்தது.

"மாமா, ஸ்லிப் ஆகுது!"

"ஸ்டியரிங்கப் புடி. நான் சொன்னாத்தான் மிதிக்கணும்."

சீட்டைத் தாண்டிப் பின்னால் போனேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். ட்ரெய்லரை விட வேண்டும். இல்லாவிட்டால் அதோடு நாமும் போவோம்.

மேனேஜர் கதவை மறித்து நின்றார். எட்டு வருஷ வேலை அதுக்குள்ளே இருக்கு, முடியாது என்று கத்தினார். பாட்டுக்காரர் அந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா ஜன்னல் வழியே தண்ணீரைப் பார்த்தார். வண்டி இன்னொரு தடவை பக்கவாட்டில் நழுவியது.

"கதவைத் திற," என்றார் அந்த அம்மா.

ஸ்பீக்கர்களை சீட்டுப் பக்கம் தள்ளினோம். பின்கதவைத் திறந்ததும் தண்ணீர் உள்ளே வந்தது. நான் குப்புறப் படுத்து வெளியே தொங்கினேன். பாட்டுக்காரர் ஒரு காலைப் பிடித்தார், கிட்டார்காரர் இன்னொன்றை. ட்ரெய்லரைக் கோத்திருந்த கொக்கியைத் தண்ணீருக்குள் தடவித்தான் பிடித்தேன். பூட்டு திறந்தது. ட்ரெய்லர் தான் உட்கார்ந்திருந்த இரும்புக் குண்டை விட்டு எழும்பியது. ஆனால் பாதுகாப்புக்கு வண்டியிலிருந்து ட்ரெய்லருக்கு இரண்டு சங்கிலி மாட்டியிருந்தேன். ஒன்று கையோடு வந்தது. மற்றது ட்ரெய்லர் இழுத்த இழுப்பில் விறைத்துப்போய்விட்டது. கையால் ஆகவில்லை. மூக்கில் தண்ணீர் ஏறியது. தலையைத் தூக்கி, சங்கிலி, சங்கிலி என்று தமிழிலேயே கத்தினேன்.

மேடையில் தகட்டை அடிக்கிற சம்மட்டி வேனுக்குள் இருந்தது. அந்த அம்மா அதை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து பம்பரில் காலை வைத்தார். மேனேஜர்தான் அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார். அழுதுகொண்டே பிடித்துக்கொண்டார். அந்த அம்மா அடித்தார். சங்கிலிக் கொக்கி நகரவில்லை. மறுபடி அடித்தார். அந்தப் பெட்டிக்குள் இருப்பது அவருடைய வேலை. அவரே அடித்தார்.

கொக்கி தெறித்தது. ட்ரெய்லர் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போனது.

"மிதிடா!" என்றேன்.

மச்சினன் மிதித்தான். டயர் ரோட்டைப் பிடித்தது. மேட்டில் ஏறி நின்றோம். எல்லாரும் இறங்கினோம். பாட்டுக்காரர் ஒவ்வொருவர் தலையிலும் கையை வைத்து எண்ணினார். சந்தேகம் போல முதலிலிருந்து மறுபடி எண்ணினார். பிறகு சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

கம்பத்தைத் திரும்பிப் பார்த்தேன். நுனி மட்டும் தெரிந்தது.

ஆஸ்டினில் நிகழ்ச்சியை ரத்து பண்ணலாம் என்றார் மேனேஜர். அந்த அம்மா கேட்கவில்லை. வேனிலிருந்த ஸ்டெப்னி ரிம்மைக் கேட்டார். கழற்றிக் கொடுத்தேன். வண்டியோடு மிச்சமிருந்த சங்கிலியையும் கேட்டார். அதையும் கொடுத்தேன். அதுவரை பட்டன் மட்டும் தட்டியவர் அன்றைக்கு மேடையில் நின்று அடித்தார். தாளம் இரண்டு இடத்தில் தப்பியது. எனக்கே தெரிந்தது. கம்பெனி ஆள் பாதியில் எழுந்து போய்விட்டார்.

மச்சினன் என் காதில், "போச்சு மாமா," என்றான்.

நான் மேடையைப் பார்த்தேன். பாட்டுக்காரர் முகத்தில், போச்சு என்கிற மாதிரி ஒன்றும் இல்லை.

அந்தச் சங்கிலியையும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார்கள். கலைக்கவில்லை. மூன்றாவது ரெக்கார்டு அங்கேயே போட்டார்கள். மெஷின் தாளமே கிடையாது. அதுதான் அவர்கள் போட்டதிலேயே நன்றாக ஓடியது என்று மச்சினன் சொன்னான். அதற்குப் பிறகு அமெரிக்கா வரவில்லை. சில வருஷம் ஐரோப்பாவில் சுற்றிவிட்டு, ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டார்கள்.

அந்த சிடியை மச்சினன் வாங்கிவந்து வேனில் போட்டான். முழுக்கச் சத்தம். எனக்கு அதில் ஒன்றும் புரியாது. வண்டியில் ஆள் ஏறினால் எண்ணுவேன், இறங்கினால் எண்ணுவேன். அன்றைக்குப் பிறகு வந்த பழக்கம் அது. கணக்கு சரியாக இருந்தால் வேறு எது போனாலும் போகட்டும் என்று இருக்கும்.

கடைசிப் பாட்டு முடிகிற இடத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. சங்கிலி மட்டும் இரும்பில் விழுகிறது. அது என் வண்டிச் சங்கிலி. மச்சினன் சத்தத்தைக் கூட்டினான். நான் வண்டியை ஓரம் கட்டினேன். சங்கிலி விழுவதை எண்ணினேன்.

ஆறு.