விண் அறாத கரை

ஜனவரி 16, வியாழன். வழக்கம்போல விடியுமுன் எழுந்து தேநீர் குடித்து, கரையோர விடுதி அறையைப் பூட்டி, பூட்டை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு மகள் மதுவோடு தொண்டைமானாற்றுக் கடல்நீரேரிக்கு வந்திருக்கிறேன். பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று நீர்மேல் ஓடும் விளையாட்டுக்கு அவள் இடம் தேடுகிறாள். எனக்குச் சம்மதமில்லாத இடத்தில் இறங்கமாட்டாள். வேண்டாம் என்று சொல்லவே நான் வந்திருக்கிறேன்.

பனங்கூடலின் மறைவில் அமைதியாகக் கிடக்கும் நீரை மது காட்டுகிறாள். பொங்கலுக்கு ஏற்றிய பட்டத்தை இன்னும் இறக்காத மீனவர் ஒருவர் சிரிக்கிறார். பட்டத்தின் தலையில் கட்டிய நாடா காற்றில் ரீங்கரிக்கிறது. இங்கே பட்டத்துக்குப் பெயர் கொடி; அந்த நாடாவுக்கு விண்.

"அதிலை வேண்டாம், பிள்ளை. பனை காத்தை வெட்டும். விண் விக்கி விக்கிக் கூவும். இஞ்சை கேள், சத்தம் அறாது. விழுந்தாலும் காத்து கரைக்குத்தான் கொண்டுவரும்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பிடியுங்கோ, அக்கா" என்று கயிற்றைத் தருகிறார்.

வானமே என் தோளைப் பற்றி இழுக்கிறது. கால்கள் மணலில் சறுக்குகின்றன. கைக்குள் விண் அதிர்கிறது. பயப்பட மறந்து அண்ணாந்து நிற்கிறேன்.

"விட்டிடாதையுங்கோ! பிறகு கொடி எடுக்கத் தூரத்து உரும்பிராய்த் தோட்டத்துக்குத்தான் போகவேணும்."

"இரவிலும் பறக்குமா, அண்ணை?" என்று கேட்கிறேன்.

"ஓம், கட்டித்தான் கிடக்கும். காத்துக் குழம்பினால் விண் சொல்லும்."

ஜனவரி 17, வெள்ளி. காலை முதல் வேலையாக ஜன்னலைத் திறந்து காது கொடுத்தேன். விண் அறவில்லை. தேநீர் வைக்குமுன்பே மதுவை எழுப்பினேன்.