ரவுட்டருக்கு வைத்த பொட்டு

தொண்ணூறுகளின் கடைசியில் இரும்புலியூர் பக்கம் ஒரு கம்பெனியில் எனக்கு நெட்வொர்க் வேலை. ஒரே காம்பவுண்டில் பழைய கட்டடம், புதுக் கட்டடம். இரண்டிலும் தலா ஒரு ரவுட்டர். நடுவே ஒளி போகும் கண்ணாடி இழை கேபிளைப் போட்டு இரண்டையும் நேராகப் பேசவைக்க வேண்டும்.

"பாம்பேலேருந்து ஆள் வரவழைச்சிடலாம்மா. உனக்கு எதுக்கு ரிஸ்க்கு?" என்றார் மேனேஜர்.

எனக்குச் சுருக்கென்றது. "நானே போடறேன் சார்" என்றேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை கெடு. அதற்குள் ஓடாவிட்டால் பாம்பேக்கு போன் போட்டுவிடுவார்.

வியாழக்கிழமையே முடித்துவிட்டேன். இரண்டு ரவுட்டருக்கும் நெட்வொர்க் விலாசம் கொடுத்து, இங்கிருந்து அனுப்பும் இழை அங்கே வாங்கும் துளைக்குப் போகிறதா என்று பார்த்து மாட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் மேனேஜருக்குக் காட்டலாம் என்று போனால் விளக்கு அணைந்து கிடக்கிறது.

"எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேருந்து போட்டுப் பாரேன்" என்றார். மாட்டேன் என்றேன். இரண்டு ரவுட்டரிலும் நான் எழுதியதை வரிவரியாகப் பார்த்தாயிற்று, ஒரு எழுத்தும் மாறவில்லை. என் கை எழுதியதில் தப்பில்லை என்றால் தப்பு வழியில்தான் இருக்க வேண்டும்.

புதுக் கட்டடத்துக்கு நடந்தேன். வாசற்படி, ஃபேன் சுவிட்ச், ரவுட்டர் எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். காலையில் ராகுகாலத்துக்கு முன்னால் ஆயுத பூஜை போட்டிருந்தார்கள். முடிச்சூர்க்காரரான ஸ்டோர் கீப்பர் பொரிப் பொட்டலத்தை நீட்டினார்.

"அண்ணா, இந்த ஒயரைக் கழட்டினீங்களா?"

"ஆமா மேடம். பூஜைன்னா எல்லாத்தையும் எலையில வைக்கணும்ல. பொட்டு வச்சி பழையபடியே மாட்டிட்டேன். எல்லாத்துக்கும் வச்சிகினு வந்தேன், இது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?"

இழையின் நுனியில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு பொட்டு. தலைமுடியைவிட மெல்லிய ஒளி அதைத் தாண்டி எங்கே போகும்? சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்பிரிட் தொட்டு நுனியையும் துளையையும் துடைத்தேன்.

"சாமி குத்தம் ஆயிடாதே மேடம்?"

"பொட்டை நெத்தியில வைங்கண்ணா. கண்ணுக்குள்ள வைக்காதீங்க."

மாட்டியதும் பச்சை விளக்கு எரிந்தது. பழைய கட்டடத்துக்குத் திரும்பியபோது மேனேஜர் போனில் இருந்தார். பாம்பேக்கேதான். எனக்கு முகம் வாடிவிட்டது. அவர் லிங்க் வந்துவிட்டதைக் காட்டிய கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனில் சொன்னார்: "ஆள் வேணாம் சார். உங்க பக்கம் இந்த மாதிரி லிங்க் ஏதாவது போடணும்னா சொல்லுங்க, எங்க இன்ஜினியரை அனுப்பறேன்."